வாங்கி மூன்று மாரி போன பிறகு: வாசகர் கேள்வி–பதில்

வைஃபையில் வேலை செய்யும் பல்ப், பிளக், கமரா, பூட்டு என்று எதையாவது இரண்டு வருடத்துக்கு மேல் வீட்டில் வைத்துப் பாவிக்கிறவர்கள் எழுதுங்கள் என்று போன இதழில் ஒரு சின்னக் குறிப்புப் போட்டிருந்தோம். வாகரையிலிருந்து பொத்துவில் வரைக்கும் கடிதமும் வட்ஸ்அப்பும் வந்திருக்கின்றன. புதுச் சாமானைப் பெட்டி பிரித்துக் காட்ட யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்தப் பெட்டி குப்பைக்குப் போய் மூன்று மாரி கழிந்த பிறகு சாமான் என்ன பாடு படுகிறது என்று சொல்லத்தான் ஆளில்லை. நான் கல்லடியில் எலெக்ட்ரோனிக் சாமான் திருத்துகிறவன். 2017இலிருந்து என் வீட்டிலும் இவை இருக்கின்றன. அந்த அனுபவத்தை வைத்துத்தான் பதில் எழுதுகிறேன்.

லண்டனில் இருக்கும் மகன் 2021இல் வந்தபோது ஆறு ஸ்மார்ட் பல்ப்பும் இரண்டு பிளக்கும் பூட்டிவிட்டுப் போனார். போன மாதம் பைபர் லைன் எடுத்து ரவுட்டர் மாற்றினோம். அன்றிலிருந்து ஒன்றும் போனில் வேலை செய்யவில்லை. எறிந்துவிடவா? – ஓய்வுபெற்ற ஆசிரியை, ஆரையம்பதி

எறியாதீர்கள் ரீச்சர், அவற்றில் ஒரு பழுதும் இருக்காது. பழைய ரவுட்டரின் வைஃபைக்கு என்ன பெயர், என்ன பாஸ்வேர்ட் இருந்ததோ, அதையே எழுத்துப் பிசகாமல், பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட, புது ரவுட்டரிலும் போடச் சொல்லுங்கள். பல்ப்புக்கு ரவுட்டர் மாறியது தெரியாது, தனக்குச் சொல்லிக்கொடுத்த பெயரைத்தான் அது தேடிக்கொண்டிருக்கும். இன்னொன்று, இந்தச் சாமான்களில் அனேகமானவை 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையை மட்டும்தான் பிடிக்கும். புது ரவுட்டரில் 5 கிகாஹேர்ட்ஸும் சேர்ந்து ஒரே பெயரில் ஓடினால் சில பல்ப் தடுமாறும். லைன் பூட்ட வந்த தம்பியிடம் இரண்டையும் பிரித்துத் தரச் சொன்னால் ஐந்து நிமிட வேலை.

அதைவிடப் பெரிய விஷயம், அந்த ஆப் கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது என்பது. மகனுடைய இமெயிலில் இருந்தால் உங்கள் வீட்டு வெளிச்சத்துக்கு அவர்தான் சொந்தக்காரர். அவர் போனை மாற்றினாலோ பாஸ்வேர்டை மறந்தாலோ நீங்கள் இருட்டில் நிற்க வேண்டி வரும். உங்கள் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, சாமான்களை அதற்கு மாற்றி, அவரை விருந்தாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லி விடுகிறேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போதுதான் எனக்கு இந்த பல்ப்புகளின் குணம் விளங்கியது. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும் என்றுதான் அவை கம்பனியிலிருந்தே வருகின்றன. இரவு எத்தனை மணிக்குக் கரண்ட் வந்தாலும் வீட்டில் எல்லா அறையும் வெள்ளை வெளேரென்று எரியும். அப்பா சீனி வருத்தக்காரர், நித்திரை குழம்பினால் மறுநாள் முழுக்க அவருக்குத் தலை நிமிராது. ஆப்பில் ‘கரண்ட் திரும்பினால் என்ன செய்வது’ என்று ஓர் இடம் ஒளிந்திருக்கிறது, அங்கே ‘முன்பு இருந்தபடி’ என்று மாற்றி வையுங்கள். கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் கரண்ட் விட்டு விட்டு வந்தால் சில பல்ப் டப டப என்று கண் சிமிட்டத் தொடங்கும். அது பழுதில்லை. தொடர்ந்து சில தடவை அணைத்துப் போட்டால் பழையதை அழித்துவிட்டுப் புதிதாக இணையும்படி செய்து வைத்திருக்கிறார்கள், நம் ஊர்க் கரண்ட் அந்த வேலையைத் தானாகச் செய்து விடுகிறது.

சுவர் சுவிட்சை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் டேப் ஒட்டி மூடாதீர்கள். சுவிட்சை அணைத்தால் பல்ப் போனுக்கு வேலை செய்யாது என்று மருமகன்மார் பலர் அதைச் செய்கிறார்கள். வீட்டில் யார் வந்தாலும் கையால் தட்டி லைட் போட முடிய வேண்டும். என்னிடம் கேட்டால் பல்ப்பை ஸ்மார்ட் ஆக்குவதை விட, சுவர் சுவிட்ச் பெட்டிக்குள் வைக்கும் சின்ன ரிலேதான் (வைஃபையால் இயங்கும் குட்டிச் சுவிட்ச்) நல்லது. கையாலும் போடலாம், போனாலும் போடலாம், வைஃபை இல்லாத நாளில் அது வெறும் சுவிட்ச்.

கடைக்கு மூன்று வருடத்துக்கு முதல் ஒரு வைஃபை கமரா வாங்கினேன். ஏழு நாள் பதிவு இலவசம் என்றுதான் பெட்டியில் இருந்தது. இப்போது மாதக் காசு கட்டினால்தான் பழைய பதிவைப் பார்க்கலாம் என்கிறது. இப்படிச் செய்யலாமா? – வியாபாரி, காத்தான்குடி

நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன் நானா, ஆனால் இது உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் ரிவோல்வ் என்று ஒரு பெட்டி, வீட்டு லைட், கதவு எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டுப்படுத்துவது. சுமார் 300 டொலர், ஆயுள் முழுக்கச் சேவை என்று சொல்லி விற்றார்கள். 2014இல் கூகிளின் நெஸ்ட் அந்தக் கம்பனியை வாங்கியது, 2016 மே 15ஆம் திகதி சேர்வரை, அதாவது பெட்டி இணையம் வழியாக நம்பியிருந்த கம்பனிக் கணினியை, நிறுத்தியது. அன்றோடு பெட்டி செத்தது. ‘ஆயுள்’ என்பது வாங்கினவருடைய ஆயுளுமில்லை, பெட்டியுடைய ஆயுளுமில்லை, கம்பனி அதை வேண்டாம் என்று சொல்லும் நாள் வரைதான். 2022 ஏப்ரலில், இதே மாதிரிச் சாமான் விற்ற இன்ஸ்டியன் என்ற கம்பனி ஒரு வார்த்தை சொல்லாமல் சேர்வரை அணைத்துவிட்டுப் போனது. அதைப் பாவித்தவர்களில் சிலர் சேர்ந்து ஜூன் மாதம் கம்பனியையே வாங்கி மறுபடி ஓட வைத்தார்கள். பழைய டிரொப்காம் கமராக்கள் 2024 ஏப்ரல் 8ஆம் திகதியோடு வேலை செய்யாமல் போயின.

இதில் நாங்கள் செய்யக்கூடியது, படம் எங்கே தங்குகிறது என்று பார்ப்பது. உங்கள் கமராவில் மெமரி கார்ட் போடும் துளை இருந்தால் கார்ட் போடுங்கள், காசு கட்டத் தேவையில்லை. ஆனால் போனுக்குப் போடும் சாதாரணக் கார்டை வாங்காதீர்கள். 24 மணித்தியாலமும் எழுதி அழித்து எழுதி அது வருடக் கணக்கில் நிற்காது. கமராவுக்கென்றே அதிகம் தாங்கும் கார்ட் விற்கிறார்கள், கொஞ்சம் விலை கூட. நான் திறந்து பார்த்த கடைக் கமராக்களில் பாதிக்குக் கார்ட் செத்து மாதக் கணக்காகியிருந்தது, உரிமையாளருக்குத் தெரியாது. திருட்டு நடந்த பிறகுதான் பார்க்கிறார்கள். மாதத்தில் ஒரு நாள், முதலாம் திகதி என்று வைத்துக்கொள்ளுங்கள், நேற்றைய பதிவை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

அடுத்த கமரா வாங்கும்போது ‘ஒன்விஃப்’ இருக்கிறதா என்று கேளுங்கள். 2008இல் அக்சிஸ், பொஷ், சோனி மூன்றும் சேர்ந்து தொடங்கிய பொதுமுறை அது. அது இருந்தால், அதே முறையுள்ள எந்தக் கம்பனியின் பதிவுப் பெட்டியோடும் சேர்க்கலாம், ஆப் செத்தாலும் கமரா சாகாது. உங்கள் கடை கடற்கரைப் பக்கம் என்றால் வயர் மூட்டைச் சும்மா தொங்கவிடாதீர்கள். எங்கள் பக்கம் ஒரு புறம் கடல், ஒரு புறம் வாவி. இரண்டு வருடத்தில் செம்பு முனையில் பச்சைக் களிம்பு பிடித்து, படம் வந்து வந்து போகும். ஆக்கள் வைஃபையைத் திட்டுவார்கள், குற்றம் உப்புக்காற்றில்.

இதெல்லாம் எப்போது தொடங்கியது? பாடசாலைக் கட்டுரைக்கு வேண்டும். – உயர்தர மாணவர், அக்கரைப்பற்று

நீங்கள் நினைப்பதை விட முந்தியது தம்பி. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1982 அளவில் ஒரு கோக் மெஷினைக் கணினி வலையில் இணைத்திருந்தார்கள். போத்தல் இருக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா என்று மேசையில் இருந்தே பார்த்துவிட்டு எழும்பலாம். 1990இல் ஜோன் ரோம்கி ஒரு பாண் வாட்டும் டோஸ்டரை இணையத்தால் இயக்கிக் காட்டினார். கேம்பிரிட்ஜில் 1991இல் கோப்பிக் குடுவைக்கு ஒரு கமரா வைத்தார்கள், 2001 ஓகஸ்ட்டில்தான் அதை அணைத்தார்கள். ‘பொருள்களின் இணையம்’ என்ற பெயரை 1999இல் கெவின் ஆஷ்டன் வைத்தார். 2005இல் பிரான்சில் நபாஸ்டாக் என்று முயல் வடிவத்தில் ஒரு சாமான் வந்தது, காதை ஆட்டிக் காலநிலை சொல்லும். கம்பனி நொடித்துக் கைமாறி, 2011இல் சேர்வர் நின்றது, முயல்கள் எல்லாம் காதைத் தொங்கப்போட்டுவிட்டன. கட்டுரையில் கடைசி இரண்டு வரியையும் சேர்த்து எழுதுங்கள், தொடக்கத்தை மட்டும் எழுதாமல்.

தண்ணி மோட்டருக்கு ஸ்மார்ட் பிளக் போட்டேன். ஒன்றரை வருடம் நன்றாக ஓடியது. போன கிழமை ஆப்பில் ‘ஓஃப்’ என்று காட்டுகிறது, மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது, டாங்கி நிரம்பி வளவெல்லாம் தண்ணீர். – களுவாஞ்சிகுடி

அந்தப் பிளக்கை இன்றைக்கே கழற்றுங்கள். இது போன வருடம் என் மேசைக்கு நான்கு தடவை வந்த அதே பழுது. கடைசியாக வந்ததைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இரண்டு சின்ன உலோகப் பொட்டு இருக்கும், அவை தொட்டால் கரண்ட் போகும், விலகினால் நிற்கும். அந்த இரண்டும் கருகி ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. மெல்லிய திருப்புளியால் நெம்பினேன், ‘டிக்’ என்று விட்டன, பிளாஸ்டிக் கருகிய மணம் வந்தது.

காரணம் இதுதான். ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது நாலைந்து அம்பியர்தான் எடுக்கும், அதனால் 10 அம்பியர் பிளக் போதும் என்று நினைக்கிறோம். ஆனால் மோட்டர் கிளம்புகிற அந்தக் கண நேரம் ஐந்து ஆறு மடங்கு இழுக்கும், நிறுத்தும்போது தீப்பொறி பறக்கும். பல்ப்புக்கும் போன் சார்ஜருக்கும் செய்த பொட்டு இதை நாளுக்கு இரண்டு தடவை எத்தனை நாள் தாங்கும்? பிளக் ‘ஓஃப்’ என்று சொன்னது பொய்யில்லை, அது ஓஃப் பண்ணத்தான் சொன்னது, பொட்டுத்தான் விலகவில்லை. ஆப்பில் தெரிவது கட்டளை மட்டும், மோட்டர் உண்மையில் என்ன செய்கிறது என்பது அதற்குத் தெரியாது.

மோட்டருக்கு ஒரு கொன்டாக்டர், அதாவது பெரிய கரண்டைத் தாங்கும் சுவிட்ச், பூட்டுங்கள், ஸ்மார்ட் சுவிட்ச் அந்தக் கொன்டாக்டரை மட்டும் இயக்கட்டும். டாங்கிக்குள் மிதவைச் சுவிட்ச் ஒன்று கட்டாயம். அதற்கு வைஃபையும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம், தண்ணீர் மேலே வந்தால் நிறுத்தும், அவ்வளவுதான். என் வீட்டில் எட்டு வருடமாக அது தவறியதில்லை. நல்ல எலெக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள், கிணற்றடி ஈரத்தில் நீங்களே கை வைக்க வேண்டாம்.

கூரை சோலர் போட்ட கம்பனி பூட்டிப் போய்விட்டது. ஆப்பில் ஆறு மாதமாக உற்பத்தி பூச்சியம். பில் மட்டும் குறைவாகத்தான் வருகிறது. எதை நம்புவது? – கல்முனை

பில்லை நம்புங்கள். இன்வேர்ட்டரில் (சோலர் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) குத்தியிருக்கும் சின்ன வைஃபைக் குச்சிதான் தகவலை வெளிநாட்டுச் சேர்வருக்கு அனுப்புகிறது. அது அறுந்தாலும் பலகைகள் வெயிலில் தங்கள் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். இன்வேர்ட்டர் முகப்பில் இருக்கும் எண்ணை ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். கணக்கு அந்தக் கம்பனியின் பெயரில் திறக்கப்பட்டிருக்கும், இன்வேர்ட்டர் செய்த நிறுவனத்துக்கு உங்கள் பில்லையும் இன்வேர்ட்டரின் பக்கத்திலுள்ள தொடர் இலக்கத்தையும் படமெடுத்து அனுப்பி உங்கள் பெயருக்கு மாற்றித் தரக் கேளுங்கள். 2025 சித்திரை வருடப்பிறப்பு லீவில், பகலில் கூரை சோலரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டதே, அப்போது ஆப் இருந்தும் பலருக்கு எப்படி நிறுத்துவதென்று தெரியவில்லை. எந்த பிரேக்கரை முதலில் இறக்குவது, எதை அடுத்தது என்று கேட்டு, இன்வேர்ட்டர் பக்கத்தில் எழுதி ஒட்டி வையுங்கள்.

வீட்டுக் கதவுக்கு விரல் வைத்துத் திறக்கும் பூட்டுப் போட்டார் மகன். எல்லோருடைய விரலையும் எடுக்கிறது, என்னுடையதை மட்டும் எடுக்குதில்லை. – கடற்றொழிலாளர், நாவலடி

ஐயா, பிழை உங்களில் இல்லை. வலை இழுத்து இழுத்து விரல் ரேகை தேய்ந்துபோன கைகளை அந்தப் பூட்டுச் செய்தவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. வயல் வேலை செய்கிறவர்கள், சலவை செய்கிறவர்கள், வயது போனவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். பெருவிரலை விட்டுவிட்டு மோதிர விரலைப் பதிந்து பாருங்கள், அது குறைவாகத் தேய்ந்திருக்கும், ஒரே விரலை மூன்று தடவை வெவ்வேறு பெயரில் பதிவதும் உதவும். அப்படியும் எடுக்காவிட்டால் பூட்டில் காட்டித் திறக்கும் கார்ட் ஒன்று வாங்கித் தரச் சொல்லுங்கள். உழைத்துக் கட்டின வீட்டுக்கு வெளியே நீங்கள் பிள்ளைகள் வரும்வரை காத்து நிற்கக் கூடாது.

மகனிடம் இதையும் சொல்லுங்கள். பூட்டுடன் வந்த உலோகச் சாவி ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கட்டும். பற்றரி முழுக்க இறங்கினால், பல பூட்டுகளில் அடிப்பக்கத்தில் இரண்டு சின்ன முனை இருக்கும், அதில் 9 வோல்ட் பற்றரியைத் தொட வைத்தால் ஒரு தடவை திறக்கலாம். அந்தப் பற்றரியை வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போவதில் பிரயோசனம் இல்லை, மோட்டர் சைக்கிள் சீட்டுக்குக் கீழே வையுங்கள்.

இந்தச் சாமான்களை ஹக் பண்ணலாமா? – சம்மாந்துறை

பண்ணலாம், பண்ணியிருக்கிறார்கள். 2016இல் மிராய் என்ற வைரஸ் உலகமெங்கும் வீட்டுக் கமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் பிடித்து, ஒக்டோபர் 21ஆம் திகதி அவற்றை ஒன்றாக ஏவி டுவிட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற தளங்களையே பல மணி நேரம் தடுமாற வைத்தது. பெரிய வித்தை ஒன்றுமில்லை, கம்பனி போட்டுக்கொடுத்த அட்மின் பாஸ்வேர்டை யாரும் மாற்றியிருக்கவில்லை, அவ்வளவுதான். பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29இலிருந்து அப்படிப் பொதுப் பாஸ்வேர்டுடன் விற்கவே கூடாது, எத்தனை காலத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்றும் சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. நம் கடைகளிலும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். ரவுட்டரில் விருந்தாளி வைஃபை என்று ஒன்று இருக்கும், இந்தச் சாமான்களை எல்லாம் அதில் விடுங்கள், வங்கிக் கணக்குப் பார்க்கும் போன் வேறு வைஃபையில் இருக்கட்டும்.

நாங்கள் நான்கு பிள்ளைகள், மூன்று பேர் வெளிநாட்டில். அம்மா ஊரில் தனியே. இரண்டு வருடத்துக்கு முதல் வீட்டுக்குள் மூன்று கமரா பூட்டினோம். இப்போது அம்மா அதற்கு மேல் துணி போட்டு மூடிவிடுகிறார், சில நாள் பிளக்கையும் கழற்றிவிடுகிறார். அண்ணா கனடாவிலிருந்து என்னைத்தான் ஏசுகிறார். அம்மாவுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? – பெரியகல்லாறு

தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். அம்மாவுக்கு விளங்கப்படுத்த ஒன்றுமில்லை, அவருக்கு நன்றாக விளங்கித்தான் துணி போடுகிறார்.

இதே மாதிரி ஒரு வீட்டுக்கு, ‘கமரா அடிக்கடி நின்றுபோகிறது, பாருங்கள்’ என்று பிள்ளைகள் அனுப்பித்தான் போனேன். ஹோலில் ஒன்று, குசினியில் ஒன்று, படுக்கை அறை வாசலைப் பார்த்து ஒன்று. கமராவில் ஒரு பிழையுமில்லை. அந்த அம்மா தேத்தண்ணி தந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “தம்பி, கதைக்கிறதென்றால் போன் எடுக்கச் சொல்லுங்க. கூரையிலிருந்து கதைக்க வேண்டாம்.” மறுகா ஒவ்வொன்றாகச் சொன்னார். விளக்கு வைத்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்கும்போது மேலேயிருந்து ‘அம்மா, ஏன் இன்னும் சாப்பிடல்ல’ என்று குரல் வரும். அறைக்குள் ஃபேன் பழுது என்பதால் ஹோலில் சீலை மாற்றுகிறவர், இப்போது வேர்க்க வேர்க்க உள்ளே போய் மாற்றுகிறார். ஆப்பைத் திறந்து யார் யார் பார்க்கலாம் என்று பார்த்தால் ஒன்பது போன். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், ஊருக்கு வந்தபோது சேர்த்துவிட்ட ஒரு மச்சானும். அந்த அம்மாவுக்கு நான்கு பேர் என்றுதான் தெரியும்.

பிள்ளைகள் பாசத்தில்தான் செய்தார்கள், உங்கள் அண்ணாவும் அப்படித்தான். அங்கே இரவு, இங்கே பகல், அம்மா விழுந்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்ற பயம் சும்மா பயமில்லை. அதனால் ‘எல்லாவற்றையும் கழற்று’ என்று நான் சொல்லவில்லை. அந்த வீட்டில் என்ன செய்தோம் என்றால், உள்ளே இருந்த மூன்றையும் இறக்கி, ஒன்றை மட்டும் கேற்றைப் பார்க்க வெளியே பூட்டினோம். குசினிக் கதவில் ஒரு சின்ன சென்சர் ஒட்டினோம், தீப்பெட்டியில் பாதி அளவு. காலை 8 மணிக்குள் அந்தக் கதவு திறக்காவிட்டால் பக்கத்து ஊரில் இருக்கும் மகளின் போனுக்கு மட்டும் ஒரு செய்தி போகும். படமில்லை, குரலில்லை. அவர் முதலில் அம்மாவுக்குப் போன் எடுப்பார், எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்கு. வெள்ளத்தில் லைன் போனால் சென்சரும் போகும், அந்த நாட்களில் பக்கத்து வீட்டுப் பிள்ளை காலையில் எட்டிப் பார்ப்பதாகப் பேசி வைத்திருக்கிறார்கள். 14 மாதம் ஆகிறது. பற்றரி ஒரு தடவை மாற்றினேன். அம்மா அதைக் கழற்றவில்லை.

நீங்கள் அண்ணாவோடு சண்டை பிடிக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா பக்கத்தில் இருந்து, ஆப்பில் இருக்கும் ஆட்களின் பெயரை ஒவ்வொன்றாக அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். யாரை வைத்திருப்பது, யாரை எடுப்பது என்று அவர் சொல்லட்டும், அவர் சொன்ன பெயரை அப்போதே அழியுங்கள். எந்த அறையில் வேண்டாம் என்பதையும் அவரே சொல்லட்டும். அண்ணாவையும் வீடியோ கோலில் வைத்துக்கொண்டு செய்தால் இன்னும் நல்லது, அம்மாவின் வாயால் கேட்டால் அவர் ஏச மாட்டார்.

கமராவைக் கழற்றிய இடத்தில் சுவரில் இரண்டு ஓட்டை இருக்கும். அன்றைக்கே அதைப் பூசிப் பெயின்ட் அடித்துக் கொடுங்கள். நான் போன வீட்டில் அம்மா அதைத்தான் முதலில் கேட்டார்.